டிஜிட்டல் டிரங்க் ரேடியோ ஸ்கேனரில் சரியாகக் கேட்கவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

டிஜிட்டல் டிரங்க் அமைப்புகளை (காவல், தீயணைப்பு போன்ற பல குழுக்கள் சில அதிர்வெண்களைப் பங்கிட்டுக்கொள்ளும் வானொலி வலையமைப்புகளை) ஸ்கேனர் என்னும் வானொலி வாங்கியில் கேட்பவர்கள் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை ஒரே தவறான முடிவுக்குக் கொண்டுபோய் விடுகின்றன. கேட்கவில்லை என்றால் சிக்னல் போதவில்லை, ஆகவே பெரிய ஆன்டெனா வாங்க வேண்டும் என்பதே அந்த முடிவு. அனலாக் ஒலிபரப்பில் அது ஓரளவு சரியாகவே இருந்தது. இரைச்சல் குறையக் குறையக் குரல் தெளிந்தது. டிஜிட்டலில் ஸ்கேனருக்கு வேண்டியது பிழையில்லாமல் வாசிக்கத்தக்க சிக்னல். அது வலுவானதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. திரையில் உள்ள சிக்னல் கோடுகள் வந்து சேரும் ஆற்றலைக் காட்டுமே தவிர, அந்த ஆற்றலுக்குள் இருக்கும் தரவு சரியாக இருக்கிறதா என்பதைக் காட்டுவதில்லை. எனவே கீழே வரும் சோதனைகளில் பல, சிக்னலைக் கூட்டுவதற்குப் பதிலாகக் குறைப்பதைக் கேட்கும்.

இங்கே சொல்லப்படுபவை முதன்மையாகப் பி25 என்னும் டிஜிட்டல் வானொலித் தரத்தில் இயங்கும் அமைப்புகளுக்கானவை. டிஎம்ஆர், என்எக்ஸ்டிஎன் என்னும் வேறு தரங்களின் அமைப்புகள் வேறுபடும் இடங்களில் அதைத் தனியே குறிப்பிட்டிருக்கிறேன். டெட்ரா அமைப்புகளைக் கடைகளில் கிடைக்கும் வழக்கமான ஸ்கேனர்கள் டிகோட் செய்வதில்லை. அதற்காக ஸ்கேனரைக் குடைவது வீண் வேலை. ஸ்கேனர் வைத்திருப்பதற்கும் கேட்பதற்கும் உள்ள சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. சில நாடுகளில் கருவியை வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டும். அதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எதையும் மாற்றுவதற்கு முன்பு

ஸ்கேனர் பல அமைப்புகளைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது எந்தச் சோதனையும் பயன் தராது. ஒரே அமைப்பு, அதில் ஒரே சைட் (ஒரு கோபுரம், அல்லது சேர்ந்து இயங்கும் கோபுரத் தொகுதி) என்று நிறுத்தி, வேறெங்கும் போகாதபடி ஹோல்ட் செய்துகொள்ளுங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். மலிவான சார்ஜர்கள் எழுப்பும் இரைச்சலே பல நேரம் குற்றவாளியாக இருக்கிறது. கருவியுடன் வந்த ஆன்டெனாவை மாட்டுங்கள். திரையில் டிகோட் பிழை எண்ணிக்கையைக் காட்டும் வசதி இருந்தால் அதைத் திறந்து வைத்து, இப்போதுள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இனி ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான். கோடுகள் குறைந்து பிழையும் குறைந்தால் அது முன்னேற்றம். கோடுகள் கூடிப் பிழையும் கூடினால் அது பின்னடைவு.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். ஆன்டெனாவையும் இடத்தையும் கருவியின் உள்ளமைப்பையும் ஒன்றாக மாற்றியவருக்கு எது குணப்படுத்தியது என்பது கடைசிவரை தெரியாது.

அறிகுறி: கண்ட்ரோல் சேனலே கிடைக்கவில்லை

எந்தப் பேச்சு எந்த அதிர்வெண்ணில் ஓடும் என்பதை இடைவிடாமல் அறிவிக்கும் சேனல்தான் கண்ட்ரோல் சேனல். முதலில் டிரங்க் முறையை மறந்துவிட்டு, அந்த அதிர்வெண்ணைச் சாதாரண எஃப்எம் நிலையில், ஸ்குவெல்ச்சை (சிக்னல் இல்லாதபோது ஒலியை அடக்கும் வசதியை) முழுவதும் திறந்து வைத்துக் கேளுங்கள். இடைவெளி இல்லாமல், ஏற்ற இறக்கம் இல்லாமல் கரகரப்பான ரீங்காரம் ஓடிக்கொண்டே இருந்தால் அங்கே கண்ட்ரோல் சேனல் இருக்கிறது. விட்டு விட்டு வந்தால் அது பேச்சுச் சேனலாக இருக்கலாம். வெறும் சீறல் மட்டும் கேட்டால் அங்கே ஒன்றும் வந்து சேரவில்லை. அரை நிமிடமும் ஆகாத இந்தச் சோதனை, பிழை நீங்கள் கருவியில் பதிந்த நிரலில் இருக்கிறதா, ஆன்டெனாவின் பக்கம் இருக்கிறதா என்பதைப் பிரித்துவிடுகிறது.

ரீங்காரம் கேட்கிறது, ஆனால் ஸ்கேனர் பூட்டவில்லை, அதாவது அதன் தரவை வாசிக்கத் தொடங்கவில்லை என்றால் பிழை பெரும்பாலும் நிரலில் இருக்கும். அமைப்பின் வகை சரியா என்று பாருங்கள். 9600 பிட் வேகக் கண்ட்ரோல் சேனல் உள்ள பி25 அமைப்பை, 3600 பிட் வேகத்தில் இயங்கும் பழைய மோட்டரோலா வகையாகப் பதிந்திருந்தால் கருவி எத்தனை நேரம் காத்திருந்தாலும் பூட்டாது. சைட்டைத் தற்காலிகமாக ஒதுக்கிவைக்கும் பொத்தான் கைதவறி அழுத்தப்பட்டிருக்கலாம். இருப்பிடத்தைக் கொண்டு சைட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் ஸ்கேனராக இருந்தால், தவறான இருப்பிடமோ சிறிய சுற்றளவோ அந்த சைட்டைப் பட்டியலிலிருந்தே நீக்கியிருக்கலாம்.

சீறல் மட்டும் கேட்டால், முதலில் எண்ணைச் சரிபாருங்கள். 851.0125 என்பதை 851.125 என்று பதிவது சர்வசாதாரணம். அடுத்து, நீங்கள் பதிந்திருப்பது கோபுரம் ஒலிபரப்பும் அதிர்வெண்தானா, கைக்கருவிகள் கோபுரத்துக்கு அனுப்பும் அதிர்வெண்ணா என்று பாருங்கள். வட அமெரிக்க 800 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் கோபுரம் 851 முதல் 869 வரை ஒலிபரப்பும். கைக்கருவிகள் அதற்கு 45 மெகாஹெர்ட்ஸ் கீழே அனுப்பும். அங்கேயே 700 மெகாஹெர்ட்ஸ் பொதுப் பாதுகாப்புப் பட்டையில் இது தலைகீழாக இருக்கிறது. கோபுரம் 769 முதல் 775 வரை, கைக்கருவிகள் 30 மெகாஹெர்ட்ஸ் மேலே. ஒரு பட்டையின் பழக்கத்தை மற்றொன்றுக்குக் கொண்டுபோனவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

எண்ணும் சரியென்றால் அட்டெனுவேட்டர் (வரும் சிக்னலைக் குறைக்கும் வசதி) தற்செயலாகத் திறந்திருக்கிறதா, அதாவது இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு, கேபிளுக்கு வாருங்கள். ஆர்ஜி-58 கேபிள் 850 மெகாஹெர்ட்ஸ் அளவில் 15 மீட்டருக்கு ஏறக்குறைய 8 டெசிபல் விழுங்கிவிடும். அதாவது ஆன்டெனாவில் விழுந்ததில் ஆறில் ஒரு பங்கே ஸ்கேனருக்கு வந்து சேரும். அதே நீளத்துக்கு எல்எம்ஆர்-400 கேபிள் இழப்பது 2 டெசிபல் அளவே. தொலைக்காட்சிக்குப் பயன்படும் ஆர்ஜி-6 கேபிள் 75 ஓம் ஆயிற்றே என்று தயங்க வேண்டாம். கேட்பதற்கு மட்டும் என்றால் அந்தப் பொருத்தமின்மையால் நேரும் இழப்பு அற்பமானது. மெல்லிய ஆர்ஜி-58-ஐவிட அது எவ்வளவோ மேல். கேபிளை மாற்றும் முன் இரு முனைக் கனெக்டர்களையும் கையால் மெல்ல அசைத்து, பிழை எண் துள்ளுகிறதா என்று பாருங்கள். துள்ளினால் செலவு ஒரு கனெக்டரோடு முடிந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு சீறல்தான் என்றால் நீங்கள் அந்தக் கோபுரத்தின் எல்லைக்கு வெளியே இருக்கிறீர்கள். ஸ்கேனரை எடுத்துக்கொண்டு கோபுரத்தின் திசையில் கொஞ்சம் போய்க் கேட்டால் இது உறுதியாகிவிடும். கூரைக்கு மேல் ஆன்டெனா ஏற்றுவதுதான் மிஞ்சிய வழி. மின்கம்பிகள் அருகில் ஓடினாலோ, கம்பம் ஆள் உயரத்துக்கு மேல் போனாலோ, இடிதாங்கி நிலத்தொடர்பு கொடுக்க வேண்டியிருந்தாலோ, ஆன்டெனா நிறுவும் தொழிலறிந்தவரை அழைப்பதே முறை. இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

அறிகுறி: கண்ட்ரோல் சேனல் நன்றாகப் பூட்டுகிறது, ஆனால் பேச்சே வரவில்லை

கண்ட்ரோல் சேனலில் பிழை எண் சுழியத்தை ஒட்டி நிற்கிறது, அமைப்பின் அடையாள எண் திரையில் வருகிறது, ஆனால் மணிக்கணக்கில் மௌனம் என்றால் ஆன்டெனாவைத் தொடவே வேண்டாம். வானொலிப் பக்கம் நலமாக இருக்கிறது.

முதலில் ஸ்கேனரை எல்லா டாக் குரூப்பையும் (எண் தரப்பட்ட பேச்சுக் குழுக்களையும்) திறந்துவிடும் தேடல் நிலைக்கு மாற்றுங்கள். உடனே பேச்சுகள் வந்து விழுந்தால், உங்கள் பட்டியலில் பதிந்திருக்கும் எண்கள்தான் தவறு. டாக் குரூப் எண்கள் பத்தடிமானத்திலும் பதினாறடிமானத்திலும் எழுதப்படுவதுண்டு. பதினாறடிமானத்தில் 1010 என்று இருப்பது பத்தடிமானத்தில் 4112. எழுத்து கலந்த எண்ணாக இருந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். எண்கள் மட்டுமே இருந்தால்தான் ஏமாற்றம். ஸ்கேனரில் காவல், தீயணைப்பு, போக்குவரத்து என்று சேவை வகைகளைத் திறந்து மூடும் வசதி இருந்தால், நீங்கள் விரும்பும் வகை மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

தேடல் நிலையில் டாக் குரூப் எண்கள் திரையில் ஓடுகின்றன, ஒலி மட்டும் வரவில்லை என்றால் இரண்டு காரணங்களைப் பிரித்தறிய வேண்டும். முதலாவது, அமைப்பு பி25-இன் இரண்டாம் கட்டத்துக்கு மாறியிருக்கலாம். இரண்டாம் கட்டத்தில் ஒரே சேனலில் இரண்டு உரையாடல்கள் நேரத்தைப் பங்கிட்டு ஓடுகின்றன. கண்ட்ரோல் சேனலோ முதல் கட்ட முறையிலேயே இருப்பதால், முதல் கட்டத்தை மட்டும் அறிந்த பழைய ஸ்கேனர் அதைப் பூட்டிக்கொண்டு எல்லாம் சரியாக இருப்பதாகவே காட்டும். உங்கள் கருவியின் கையேட்டில் இரண்டாம் கட்டம் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேறு ஸ்கேனர்தான் தீர்வு, மென்பொருள் மாற்றம் எதுவும் உதவாது. டிஎம்ஆர், என்எக்ஸ்டிஎன் வகைகளைச் சில ஸ்கேனர்களில் தனியே பணம் கட்டித் திறக்க வேண்டியிருக்கும் என்பதையும் இங்கே நினைவில் கொள்ளுங்கள்.

இரண்டாவது காரணம் மறையாக்கம், அதாவது சாவி இல்லாதவர் கேட்க முடியாதபடி பேச்சை மாற்றி அனுப்புவது. பெரும்பாலான புதிய ஸ்கேனர்கள் மறையாக்கப்பட்ட அழைப்பு வரும்போது அதற்கான குறியைத் திரையில் காட்டி, ஒலியை அடக்கிவிடும். குறி வருகிறதென்றால் அந்த டாக் குரூப்பை ஒதுக்கிவைத்துவிட்டு மேலே போகலாம். இதற்கு உள்ளமைப்பு மாற்றமோ ஆன்டெனாவோ புதிய கருவியோ மருந்தில்லை. ஏஇஎஸ்-256 மறையாக்கத்தைத் திறந்து தருவதாகச் சொல்லி எவரேனும் எதையேனும் விற்றால் வாங்காதீர்கள். முயல்வது பல நாடுகளில் குற்றமும்கூட.

நீங்கள் தேடும் டாக் குரூப்பின் எண்ணே திரையில் வராமல் போக மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு; இதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. பல சைட்டுகள் கொண்ட அமைப்பில் எல்லா உரையாடலும் எல்லாக் கோபுரத்திலும் ஒலிபரப்பாவதில்லை. ஒரு டாக் குரூப்பைத் தேர்ந்தெடுத்த கைக்கருவி ஒன்றாவது அந்த சைட்டில் பதிவாகியிருந்தால்தான் பேச்சு அங்கே வரும். உங்கள் வீட்டருகே உள்ள சைட் கோடுகள் நிறைந்து கிடைக்கும். நீங்கள் கேட்க விரும்பும் பணியாளர்களோ அடுத்த மாவட்டத்து சைட்டில் இருப்பார்கள். அவர்கள் புழங்கும் பகுதியின் சைட் உங்களுக்கு மங்கலாகக் கிடைத்தாலும், அதைத்தான் கேட்க வேண்டும்.

டிஎம்ஆர் டிரங்க் அமைப்பில் இதே மௌனம் இருந்தால், சேனல்களின் தருக்க எண் வரிசையைச் சரிபாருங்கள். பி25-இல் எந்த எண் எந்த அதிர்வெண் என்பதைக் கண்ட்ரோல் சேனலே அறிவித்துவிடும். டிஎம்ஆரில் நீங்கள் பதிந்த வரிசையைக் கருவி அப்படியே நம்புவதால், இரண்டு எண்கள் இடம் மாறியிருந்தாலும் அது ஆளில்லாத சேனலுக்குப் போய் நிற்கும், அல்லது வேறொருவர் பேச்சைத் தவறான பெயரில் காட்டும்.

அறிகுறி: கோடுகள் நிறைவு, குரல் மட்டும் உடைகிறது

இதுதான் மிகுதியாக வரும் குறை, மிகுதியாகத் தவறாக மருந்து பார்க்கப்படும் குறையும் இதுவே. சிக்னல் முழு அளவு. பேச்சு துண்டுதுண்டாக, நீரில் அமிழ்ந்து எழுவது போல் வருகிறது. ஸ்கேனரை ஒரு சாண் நகர்த்தினால் தெளிகிறது. ஆள் குறுக்கே நடந்தால் மறுபடி கெடுகிறது. இதற்குள் இரண்டு வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன.

கிளை ஒன்று: அளவுக்கு மிஞ்சிய சிக்னல்

அட்டெனுவேட்டரைத் திறந்து பாருங்கள். கோடுகள் இறங்கிப் பிழை எண்ணும் இறங்கினால், ஸ்கேனரின் முன்பகுதி திணறிக்கொண்டிருக்கிறது. அதைத் திணறடிப்பது நீங்கள் கேட்கும் கோபுரமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான எஃப்எம் வானொலி நிலையம், அருகிலுள்ள கைப்பேசிக் கோபுரம் ஆகியவையும் இதைச் செய்யும். அட்டெனுவேட்டரை அந்த சைட்டுக்கு மட்டும் நிலையாகத் திறந்து வைப்பது செலவில்லாத தீர்வு. அதனால் தொலைவிலுள்ள சைட்டுகள் மங்கினால், எஃப்எம் பட்டையை மட்டும் தடுக்கும் ஃபில்டர் ஒன்றை ஆன்டெனாவுக்கும் ஸ்கேனருக்கும் இடையில் மாட்டலாம். அதுவும் போதாவிட்டால், நீங்கள் கேட்கும் பட்டையை மட்டும் விடும் ஃபில்டர். ஆன்டெனா அருகே பூஸ்டர் ஏதாவது மாட்டியிருந்தால் அதை முதலில் கழற்றுங்கள். குறை சொல்லி வருபவர்களில் கணிசமானோருக்கு அதுவே முழு மருந்தாகிவிடுகிறது.

கிளை இரண்டு: சைமல்காஸ்ட்

அட்டெனுவேட்டர் திறந்தால் கோடுகள் மட்டும் இறங்கிப் பிழை எண் அப்படியே தாறுமாறாகத் துள்ளினால், நீங்கள் பெரும்பாலும் சைமல்காஸ்ட் பகுதியில் இருக்கிறீர்கள். ஒரே அதிர்வெண்ணில் பல கோபுரங்கள் ஒரே நேரத்தில் ஒரே தரவை ஒலிபரப்புகின்றன. தொலைவு வேறுபடுவதால் அவை உங்களிடம் வெவ்வேறு நேரத்தில் வந்து ஒன்றோடொன்று மோதுகின்றன. பி25 முதல் கட்டத்தில் ஒரு குறியீட்டின் (அனுப்பப்படும் தரவின் ஓர் அலகின்) நீளம் சுமார் 208 மைக்ரோ நொடி. இரு கோபுரங்களின் தொலைவு 15 கிலோமீட்டர் வேறுபட்டால் தாமதம் 50 மைக்ரோ நொடி, அதாவது குறியீட்டில் ஏறக்குறைய கால் பங்கு. வழக்கமான எஃப்எம் டிஸ்கிரிமினேட்டர் (அதிர்வெண் மாற்றத்தை மட்டும் வாசிக்கும் பகுதி) வைத்த ஸ்கேனர் அந்தக் கலவையைச் சரியாக வாசிக்கத் தடுமாறுகிறது. அட்டெனுவேட்டர் எல்லாக் கோபுரங்களையும் ஒரே விகிதத்தில் குறைப்பதால் மோதல் பெரும்பாலும் தீர்வதில்லை. ஒரு கோபுரம் மற்றவற்றை மிஞ்சி நிற்கும்படி செய்வதுதான் வேலை.

செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குவோம். ஸ்கேனரை மார்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். இந்த அதிர்வெண்களில் உங்கள் உடலே முதுகுப் பக்கத்திலிருந்து வருவதைக் கணிசமாக மறைக்கும். ஒவ்வொரு எட்டில் ஒரு சுற்றுக்கும் சில நொடி நின்று பிழை எண்ணைப் பாருங்கள். ஒரு திசையில் எண் சட்டென்று இறங்கினால், அந்தத் திசையில் உள்ள கோபுரம்தான் உங்களுக்கு உதவக்கூடியது. முதுகுக்குப் பின்னால் இருப்பது இடைஞ்சல் செய்வது. இந்தத் திசையை எழுதி வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அடுத்தது இடம். 850 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். அரை அலைநீளம் நகர்ந்தாலே மோதலின் நிலை மாறிவிடும். மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நாலு நாலு விரல்கிடையாக நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் அரை நிமிடம் விட்டுப் பாருங்கள். ஒரே மேசையில் ஓரிடத்தில் முற்றிலும் உடைந்த பேச்சும், ஒரு சாண் தள்ளி முழுத் தெளிவும் கிடைப்பது சாதாரணம். சன்னலோரம் நல்லது என்ற பொது விதி இங்கே செல்லாது. எல்லாக் கோபுரமும் தெரியும் மாடிச் சன்னலைவிட, மூன்று பக்கம் சுவர் மறைத்த கீழ்த்தள மூலை மேலாக இருப்பதுண்டு.

மூன்றாவது, ஆன்டெனாவைக் குறைத்துப் பார்ப்பது. நீண்ட ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுக் குட்டையான ஒன்றை மாட்டுங்கள், அல்லது ஆன்டெனா இல்லாமலேயே சிறிது நேரம் ஓட்டுங்கள். ஸ்கேனர் வாங்கும் கருவி மட்டுமே. அனுப்பும் கருவி அல்ல என்பதால் இதனால் கெடுதல் இல்லை. இது எல்லா இடத்திலும் பலிக்காது; பலித்தால் பேச்சு தெளியும்.

நான்காவது, ஸ்கேனரின் உள்ளமைப்புகள். சில ஸ்கேனர்களில் டிஜிட்டல் வாசிப்பின் வரம்பைத் தானியங்கியிலிருந்து கைமுறைக்கு மாற்றலாம். யூனிடன் நிறுவனத்தின் புதிய எஸ்டிஎஸ் வரிசையில் சைட்டுக்குச் சைட் ஃபில்டரை மாற்றலாம். ஒரு நேரத்தில் ஒரு படி மாற்றி, பிழை எண்ணைப் பார்த்து, சிறந்ததை வைத்துக்கொள்ளுங்கள். இதில் அற்புதம் எதிர்பார்க்காதீர்கள். விளிம்பில் நிற்கும் சைட்டை இப்பக்கம் இழுக்கும், அவ்வளவே.

ஐந்தாவது, பணம் செலவாகும் முதல் படி: ஒரே திசையை நோக்கும் யாகி ஆன்டெனா. உடலை வைத்து நீங்கள் கண்டறிந்த திசைக்கு அதைத் திருப்புங்கள். குச்சிகள் செங்குத்தாக நிற்க வேண்டும். இத்தகைய அமைப்புகள் செங்குத்து முனைவாக்கத்தில் ஒலிபரப்புகின்றன. மிக அருகிலுள்ள கோபுரத்தை நோக்குவதே சரி என்று எண்ண வேண்டாம். இரண்டு கோபுரங்கள் ஒரே திசையில் வரிசையாக இருந்தால் யாகியால் அவற்றைப் பிரிக்க முடியாது. தனித்து ஒரு பக்கம் இருக்கும் கோபுரத்தை நோக்கி, மற்றவற்றை முதுகில் வாங்குவதே உத்தி. கொஞ்சம் தொலைவானாலும் அதுவே தேறும்.

கடைசிப் படி கருவியையே மாற்றுவது. 2018-இல் வந்த எஸ்டிஎஸ்100-உம், அதற்கடுத்து வந்த மேசை வகையான எஸ்டிஎஸ்200-உம் ஐ-க்யூ முறையில் (அலையின் வலுவையும் நிலையையும் சேர்த்து வாசிக்கும் முறையில்) சிக்னலை வாங்குவதால் சைமல்காஸ்ட்டைச் சமாளிக்கின்றன. கணினியோடு இணைத்து மென்பொருளால் சிக்னலை வாசிக்கும் எஸ்டிஆர் கருவி அதைவிடக் குறைந்த செலவில் அதே வேலையைச் செய்யும். அதைப் பற்றிக் கீழே வருகிறது. என் கருத்தைச் சொல்வதானால், சைமல்காஸ்ட் பகுதியின் நடுவில் இருந்துகொண்டு பழைய ஸ்கேனருக்கு மூன்றாவது ஆன்டெனா வாங்குவதைவிட அந்தப் பணத்தைக் கருவி மாற்றத்துக்குச் சேர்த்து வைப்பது மேல்.

அறிகுறி: தொடக்கச் சொற்கள் வெட்டுப்படுகின்றன, அல்லது பதில் மட்டும் தவறிப்போகிறது

பெரும்பாலும் இது பழுதில்லை. ஸ்கேனரிடம் அளவுக்கு மீறி வேலை கொடுத்திருக்கிறோம். ஒரே சைட்டில் ஹோல்ட் செய்து கேளுங்கள். வெட்டு நின்றுவிட்டால், பட்டியலில் உங்களுக்குக் கேட்காத தொலைவு சைட்டுகளை நீக்குங்கள். அவற்றின் கண்ட்ரோல் சேனலைத் தேடித்தேடி ஏமாறுவதில்தான் நேரம் போகிறது. பதில் தவறினால், டாக் குரூப்பில் காத்திருக்கும் நேரத்தை 2 நொடிக்குக் குறையாமல் வையுங்கள். ஹோல்ட் செய்த பிறகும் வெட்டு இருந்தால், கண்ட்ரோல் சேனலின் பிழை எண்ணைப் பாருங்கள். அழைப்பு அறிவிப்பை ஸ்கேனர் முதல் தடவையில் வாசிக்கத் தவறி, பின்னால் வரும் அறிவிப்பில் சேர்ந்துகொள்கிறது. அப்படியானால் குரல் உடைவதைப் பற்றிய மேலுள்ள பகுதிக்குத் திரும்புங்கள்.

அறிகுறி: சிலர் பேசுவது தெளிவு, சிலர் பேசுவது மட்டும் இயந்திரக் குரல்

ஒரே டாக் குரூப்பில், ஒரே சைட்டில், கட்டுப்பாட்டு அறையின் குரல் தெளிவாகவும் களத்தில் உள்ளவர் குரல் சிதைந்தும் வந்தால் உங்கள் பக்கம் பிழையில்லை. அவருடைய கைக்கருவி கோபுரத்தை விளிம்பில் எட்டுகிறது, அல்லது அருகில் சைரனோ இயந்திரமோ ஓடுகிறது. இந்த அமைப்புகளில் உள்ள குரல் குறிமுறை மனிதக் குரலுக்காகவே வடிவமைக்கப்பட்டது; பின்னணிப் பேரிரைச்சலை அது குரலோடு சேர்த்துக் குழப்பிவிடும். கட்டுப்பாட்டு அறையின் குரலே சிதைந்தால்தான் உங்கள் ஏற்பாட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

அறிகுறி: நேற்றுவரை கேட்டது, இன்று இல்லை

நீங்கள் ஒன்றும் மாற்றவில்லை என்றால், அமைப்பு மாறியிருக்கலாம். பி25 சைட்டுகள் கண்ட்ரோல் சேனலைச் சில அதிர்வெண்களுக்கிடையே சுழற்றுவதுண்டு. அவற்றில் ஒன்றை மட்டும் பதிந்திருந்தால் சில நாள் கேட்கும், சில நாள் கேட்காது. கேட்காத நாளில் ஆன்டெனாவைக் குறை சொல்வோம். அந்த சைட்டின் மாற்றுக் கண்ட்ரோல் சேனல்கள் அனைத்தையும் பதிந்துவிடுங்கள்.

அதிகாலையிலும் காற்றசையாத இரவிலும் மட்டும் கெட்டால், திரையில் வரும் அமைப்பு எண்ணையும் சைட் எண்ணையும் கவனியுங்கள். வானிலையால் தொலைதூர அமைப்பொன்று அதே அதிர்வெண்ணில் வந்து நுழைந்திருந்தால் எண் மாறித் தெரியும். வெயில் ஏறியதும் தானாகச் சரியாகிவிடும். மாலை விளக்கு போட்டதும் கெட்டால், வீட்டில் உள்ள எல்இடி விளக்குகளையும் சார்ஜர்களையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். மின்னிணைப்பை முழுவதும் அணைத்து, பேட்டரியில் ஓட்டியும் இரைச்சல் தொடர்ந்தால் அது வெளியிலிருந்து வருகிறது. மின்கம்பத்தின் அருகே போகப்போக இரைச்சல் கூடினால் மின்வாரியத்திடம் முறையிட வேண்டும். கம்பத்தை நீங்கள் தொடக்கூடாது.

சைட் கிடைக்கிறது, எல்லா டாக் குரூப்பும் ஒரே நாளில் மௌனமாகிவிட்டது என்றால், அமைப்பு மறையாக்கத்துக்கோ இரண்டாம் கட்டத்துக்கோ மாறியிருக்கும். தேடல் நிலைக்குப் போய், திரையில் வரும் குறியைப் பாருங்கள்.

அறிகுறி: கணினியில் எஸ்டிஆர் வைத்துக் கேட்கையில் பூட்டவில்லை

முதல் சந்தேகம் அதிர்வெண் விலகல். 850 மெகாஹெர்ட்ஸில் 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்பது 850 ஹெர்ட்ஸ். மலிவான யூஎஸ்பி குச்சி வகை எஸ்டிஆர் 50 பிபிஎம் விலகியிருந்தால் 42.5 கிலோஹெர்ட்ஸ் தள்ளிக் கேட்கிறது என்று பொருள், 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலச் சேனலில் அது மூன்று சேனலுக்கு மேல். அலைத்திரையில் கண்ட்ரோல் சேனலின் மேடு எங்கே நிற்கிறது என்று பார்த்து, விலகலைத் திருத்துங்கள். குச்சி சூடாகச் சூடாக இது மாறும். கால் மணி நேரம் ஓடவிட்ட பிறகே அளவெடுங்கள். வெப்பநிலை ஈடுசெய்த படிகம் வைத்த குச்சிகளில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

அடுத்து கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு. தானியங்கியில் விடாதீர்கள். மிகக் குறைவிலிருந்து படிப்படியாகக் கூட்டி, மேடு உயர்ந்தும் இரைச்சலின் அடித்தளம் உயராமலும் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அடித்தளமும் சேர்ந்து எழும்பினாலோ, இல்லாத இடங்களில் மேடுகள் முளைத்தாலோ கெயின் மிகை. மூன்றாவதாக, டிகோடரின் பண்பேற்றத் தேர்வு: சைமல்காஸ்ட் சைட்டுக்கு எஸ்டிஆர் டிரங்க் மென்பொருளில் எல்எஸ்எம் தேர்வையும், ஓபி25-இல் சிக்யூபிஎஸ்கே தேர்வையும் வைத்துப் பாருங்கள். தேர்வு மாறியிருந்தால் மேடு அழகாகத் தெரிந்தும் வாசிப்பு ஓடாது. நான்காவது, அகலம். 2.4 மெகாஹெர்ட்ஸ் அளவே பார்க்கும் குச்சி ஒன்றால், அதைவிட அகலமாகப் பரவிய பேச்சுச் சேனல்களை ஒருசேரப் பார்க்க முடியாது. சில அழைப்புகள் மட்டும் தொடர்ந்து தவறினால், அவற்றின் அதிர்வெண்களைக் குறித்துப் பார்த்து, இரண்டாவது குச்சி சேருங்கள். குச்சியைக் கணினியில் நேரடியாகச் செருகாமல், ஒரு குட்டை யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வைப்பதும் கணினியின் இரைச்சலைக் குறைக்கும்.

கருவியே பழுதா என்று முடிவுசெய்வது

மேலுள்ள எதற்கும் அசையவில்லை என்றால், அதே இடத்தில், அதே ஆன்டெனாவில், வேறொரு ஸ்கேனரையோ எஸ்டிஆரையோ வைத்து அதே கண்ட்ரோல் சேனலைக் கேளுங்கள். அதுவும் தடுமாறினால் பழுது ஸ்கேனரில் இல்லை. அது தெளிவாகக் கேட்டு, உங்களுடையது மட்டும் தடுமாறினால், நிரலைக் கணினியில் சேமித்துவிட்டு, ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பி, ஒரே ஒரு சைட்டை மட்டும் பதிந்து சோதியுங்கள். சரியாகிவிட்டால் சேமித்த நிரலில்தான் பிழை. பகுதி பகுதியாகத் திரும்ப ஏற்றினால் எந்தப் பகுதி என்பது தெரிந்துவிடும்.

அப்போதும் சரியாகாவிட்டால் ஆன்டெனா சாக்கெட்டைப் பாருங்கள். கைக்கருவிகளில் உள்ள எஸ்எம்ஏ சாக்கெட், நீண்ட ஆன்டெனாவின் நெம்புகோல் விசையால் உள்ளே பலகையிலிருந்து விரிசல் விடும். பக்கவாட்டில் மெல்ல அழுத்தும்போது கோடுகள் எழும்பி விழும். உத்தரவாதக் காலம் இருந்தால் கருவியைத் திறக்காமல் தயாரிப்பாளரின் சேவை மையத்துக்கு அனுப்புங்கள். காலம் முடிந்திருந்தால், மேற்பரப்புப் பாகங்களைப் பற்றவைத்துப் பழகிய வானொலித் தொழில்நுட்பரிடம் கொடுங்கள். சாக்கெட் மாற்றம் சிறிய வேலை. முன்பகுதிப் பெருக்கியோ படிகமோ போயிருந்தால், கூலியையும் பாகத்தையும் கூட்டிப் பார்த்து, அது புதிய ஸ்கேனர் விலையில் பாதியைத் தாண்டினால் பழுது பார்க்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை.